உப்புக்கல் அளவு

லைப்சிக்கா, ஹாலேயா, எதில் தங்குவது என்று
குரோனிங்கனிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள்
வீபெ என்கிற அண்ணனும் யெல்ச்செ என்கிற தங்கையும்.
ஏழு இரவு. பகலெல்லாம் ரயில்.

அழகு வேண்டுமென்றால் லைப்சிக், என்று பதில் போட்டேன்.
அறையை வாடகைக்கு விடுகிறவள் எழுதுகிற எழுத்தா இது
என்று தலையில் அடித்துக்கொண்டான் மேல்மாடி ஹார்ட்முட்.
அடுத்த வரியை அவன் படிக்கவில்லை:

முதல் வண்டி எத்தனை மணிக்கு என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள்.
கடைசி வண்டியைப் பாருங்கள்.
போன ஊரில் ராச்சாப்பாட்டை
அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டுமா,
மென்று தின்றுவிட்டு நடந்து வரலாமா,
அதை வைத்து ஊரை முடிவு செய்யுங்கள்.

பத்தொன்பது வருஷம்
பயணச்சீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவள் நான்.
தெசாவுக்கு எந்த நடைமேடை?
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
தெசாவில் என்ன இருக்கிறது?
படம் போட்ட தாளை எடுத்து நீட்டுவேன்.

வந்தார்கள். ஹாலேக்கே.
சக்கரப் பெட்டி இரண்டு,
மடித்து மடித்து நைந்த வரைபடம் ஒன்று.
ஒன்பது மணிக்குத்தான் அந்த நாள்சீட்டு செல்லும் என்பதால்
எட்டரை வரை முட்டை, ரொட்டி, சண்டை.
மெர்செபர்க் என்பாள் இவள், விட்டன்பெர்க் என்பான் அவன்.
இரவு திரும்பி வந்து
என் சமையலறையில் செருப்பைக் கழற்றிவிட்டு
பார்த்த ஊரையெல்லாம் மேசையில் கொட்டுவார்கள்:
ஒரு கோபுரத்தின் படி எண்ணிக்கை,
ஒரு கடையில் தராமல் போன சில்லறை,
பாதி தின்ற பிளம்ஸ் கேக்.

என் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.
நானும் எதிர்பார்த்ததில்லை.
உப்புக் காய்ச்சிப் பிழைத்த ஊர் இது.
உப்புச்சப்பில்லாத ஊர் என்று
வெளியூரார் சொல்வதும் இதைத்தான்.

வியாழக்கிழமை.
சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம்,
பெயர்களை எழுதியாக வேண்டும், அது விதி.
இரண்டு பெயருக்குக் கீழே
மூன்றாவது கோட்டில் யெல்ச்செ எழுதிக்கொண்டிருந்தாள்:
ரோஸ்வீதா கெட்ஷெ.
எழுத்துப் பிழையோடு.
"காசு ஒன்றும் அதிகம் இல்லை" என்றாள்.
அதிகம்தான். ஆளுக்குக் கொஞ்சம் கூடும்.
அந்த விலைப்பட்டியல் எனக்குத் தெரியாதா?

துணி உலர்த்த வேண்டும் என்றேன்.
மழை வரும் என்றான் வீபெ.

ஹால்பர்ஷ்டாட்டில் வண்டி மாறி குவெட்லின்பர்க்.
எத்தனை ஆயிரம் பேருக்கு விற்றிருப்பேன் இந்த ஊரை!
சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள்,
ஒன்றின் தோளில் ஒன்று,
திருவிழாக் கூட்டத்தில் தூங்கிவிட்ட ஆட்கள் மாதிரி.
தாளில் இருந்த படத்தில் நாய்கள் இல்லை.
இங்கே எக்கச்சக்கமாக நாய்கள்.
மெதுவாக மென்று தின்றோம்.
கடைசிக்கு முந்தைய வண்டியைப் பிடித்தோம்,
ஒன்று கையிருப்பு வேண்டும் என்று நான்தான் துரத்தினேன்.

இருட்டில் ஹாலே நெருங்குகையில்
அவர்கள் இருவரும் எழுந்து
கதவுப் பக்கம் போய் நின்றுவிட்டார்கள்,
அறிவிப்பு வருவதற்கு முன்னாலேயே.
எந்த வளைவில் எழுந்திருக்க வேண்டும் என்று
நாலே நாளில் கால் பழகியிருந்தது.
எனக்குத் தெரியவில்லை.
நான் இந்த ஊருக்குள் அதிகம் வந்ததே இல்லை,
இதில் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை போய்விட்டார்கள்.
வரைபடத்தை மேசையிலேயே விட்டுவிட்டு.
மறதியா, போதும் என்றா, கேட்கவில்லை.
விரித்துப் பார்த்தேன்.
காம்பஸ் வைத்துப் பென்சிலால் இழுத்த வட்டம்;
உள்ளே எல்லா ஊரும் பெயரோடு பத்திரம்.
நடுவில் மட்டும் பெயர் இல்லை.
முனை குத்திக் குத்தி,
எத்தனை தடவை அளந்தார்களோ,
ஹாலே இருந்த இடத்தில் ஓட்டை.
ஓர் உப்புக்கல் அளவு.

ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.
அது வழியாகத் தெரிந்தது
எதிர்வீட்டுச் சுவர்,
கொடியில் என் துணி,
டிராம் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் ஹார்ட்முட்.