கண்மூடித்தனமாக

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றம், இரண்டாவது மாடி.
ஒழுகும் ஏர்கானுக்குக் கீழே என் நாற்காலி.
மலாயில் வருவதைத் தமிழில் இறக்கி
தமிழில் வருவதை மலாயில் ஏற்றும் வேலை,
பதினேழு வருடமாக.
நடுவில் எதையும்
எனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது.

யுகேந்திரன் த/பெ பத்துமலை. வயது பத்தொன்பது.
பாயான் லெப்பாஸில் ஹார்டு டிஸ்க் கம்பெனி, இரவு ஷிப்டு.
விலங்கின் ஒரு வளையத்தில் அவன்,
மறு வளையத்தில் வேறு வழக்குக்கு வந்த சீனக் கிழவர்,
உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.
இவன் மூக்கைத் துடைக்கும்போது
அவர் கையும் கூடவே எழுந்து போகிறது.

குற்றச்சாட்டை வாசிக்கிறார்கள்:
பினாங்குப் பாலம், ஐந்தாவது கிலோமீட்டர்,
விடியற்காலை மூன்று பத்து.
எண்பது எழுதிப் போட்ட இடத்தில்
நூற்று எழுபத்தெட்டு.
சீட்டில் வயிறு, மீட்டர் மேல் தாடை,
வாலைப்போல் பின்னால் நீட்டிய இரண்டு கால்.
படம் பிடித்தது நண்பன்.
பெருமையாக நாலு பேருக்கு அனுப்பியதும் அவனே.

'மெலூலு' என்கிறது சட்டம்.
'கண்மூடித்தனமாக' என்கிறேன் நான்.
எல்லோருக்கும் அதே சொல்லைத்தான் கொடுத்திருக்கிறேன்,
சிவப்பு விளக்கில் நிற்காத மணல் லாரிக்காரருக்கு,
கல்யாண வேனைச் சாக்கடையில் இறக்கியவருக்கு.
வேண்டாம் என்று யாரும் திருப்பித் தந்ததில்லை.

இவன் தலையைத் தூக்குகிறான்.
"இல்லக்கா. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு.
அந்த ஸ்பீட்ல மூடினா செத்தோம்.
தண்ணியா கொட்டும், ஆனா மூட முடியாது."

என்ன சொல்கிறான், என்று மாஜிஸ்திரேட்.

சொன்னேன். கண் திறந்திருந்ததாம்.
அரசுத் தரப்பு வக்கீல் பேனாவைத் திறந்தார்:
அப்படியென்றால், தெரிந்தே செய்திருக்கிறான்.

என் பழைய சொல்லுக்குள்
இவ்வளவு நாளும் கொஞ்சம் இரக்கம் இருந்திருக்கிறது.
அது போன பிறகுதான் தெரிந்தது.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?
"தப்புதான்க்கா."

தப்பு.
பாலத்தில் தப்பியவன் இங்கே தப்பு என்கிறான்.
மலாயில் இதற்கு இரண்டு சொல் வேண்டும்.
கேட்டது ஒன்று, கொடுத்ததும் ஒன்று.

தண்டனை சொல்வது சுலபம்.
எண்கள் எந்த மொழியிலும் வழுக்குவதில்லை.
ஐந்து நாள் சிறை.
ஆறாயிரம் ரிங்கிட், கட்டாவிட்டால் மூன்று மாதம்.
ஐந்து வருடத்துக்கு லைசென்ஸ் கிடையாது.

சிறை என்றபோது அசையாத முகம்
லைசென்ஸ் என்றபோது உதிர்ந்தது.
கம்பெனி பஸ் அவன் தாமானுக்குள் வராது.
கிழவரை எழுப்பி, இருவரையும் ஒன்றாக நடத்திக்கொண்டு போகும்போது
என் பக்கம் குனிந்து கேட்டான்:
"பின்னாடி உட்கார்ந்து போலாமாக்கா?"

அதை மொழிபெயர்க்க யாரும் சொல்லவில்லை.
நானே வைத்துக்கொண்டேன்.

என் கைப்பையில் மூன்று சம்மன் கிடக்கின்றன,
கேமரா எடுத்தவை.
நூற்றுப்பத்தில் நூற்று முப்பத்தொன்று.
அரை விலைத் தள்ளுபடி வரட்டும் என்று
மடித்து வைத்திருக்கிறேன்.
படத்தில் காரின் பின்பக்கம் மட்டும்தான்.
ஓட்டியவள் கண் எப்படி இருந்தது என்று
அதற்குத் தெரியாது.

வராந்தாவில் அவன் அம்மா,
துப்புரவுக் கம்பெனியின் பச்சைச் சட்டையில்.
எவ்வளவு, என்று மறுபடி கேட்டாள்.
மறுபடி சொன்னேன்.
பணம் கட்டும் கவுண்டர் நாலு மணிக்கு மூடிவிடும்.
மணி மூன்று இருபது.

மூத்தவனுக்குப் போன் போட்டாள்.
"கூட்டுக் காசு பீரோவுல இருக்கு, வளையலையும் எடுத்துக்க.
மோட்டரை எடு, பறந்து வா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

போனை வாயோடு ஒட்டி,
"மெதுவா வாடா" என்றாள்.

"ஆனா நாலு மணிக்குள்ள."