குரல் வேறு வழியில் போகும்

மாலை 6:41க்கு
யாரும் யாரையும் அழைக்கவில்லை.
ஒரு வலைச்சேவைக்கு விண்ணப்பம் வந்தது,
நான்கு முகவரி, ஒரு அறை எண்.
அதுதான் நால்வரையும் அழைத்தது.
வெற்றிலை பாக்கு வைக்காமல், முறை பார்க்காமல்
ஒரே நொடியில் நான்கு இன்வைட்.

ராணிப்பேட்டை ரத்தப் பரிசோதனைக்கூடம்: 100, 180, 200.
முயல்கிறேன், மணி அடிக்கிறது, சரி.
வேலூரில் டாக்டர் அறை: சரி.
குடியாத்தத்தில் ஒரு கைபேசி: 180, 180,
பிறகு 480, தற்சமயம் இல்லை.
ஜவ்வாது மலைமேல் சுகாதார நிலையம்
முயல்கிறேன் என்றது,
நான்கு நொடி வாய் திறக்கவில்லை,
அப்புறம் சரி.
அங்கே டவர் காற்றைக் கேட்டுத்தான் வேலை செய்யும்.

இப்போது இரவு இரண்டே கால்.
காட்பாடி, மூன்றாவது மாடி,
ஏசியைக் குறைக்க ரிமோட் இல்லை.
திரையில் புகார், ஒற்றை வரி:
"நடுவில் பதினொரு நிமிடம் குரல் வரவில்லை. காரணம் தேவை.
சு. நேமிராஜன், ஆஸ்பத்திரி ஐடி பிரிவு."

என்னிடம் குரல் கிடையாது, நேமிராஜன் சார்.
போன மாதமும் சொன்னேன்.
குரல் வேறு வழியில் போகும்,
சின்னச் சின்னப் பொட்டலமாக, சுவடு வைக்காமல்.
எனக்கு வருவது பேச்சுக்கு முந்தைய பேச்சு:
உனக்கு எந்தக் கோடெக் தெரியும்,
எந்தக் கதவெண்ணில் காது வைத்திருப்பாய்,
படம் வேண்டுமா, குரல் போதுமா.
கீழே அவுட்டரில் சரக்கு வண்டி ஒன்று
அரை மணி நேரமாக ஹாரன் அடிக்கிறது.
அதில் என்ன ஏற்றியிருக்கிறது என்று
சிவப்பு விளக்கிடம் போய் யாராவது கேட்பார்களா?

6:49:12. மலையிலிருந்து மறு அழைப்பு.
அதே உரையாடல், புது நிபந்தனை:
படத்தின் கதவெண் பூஜ்யம்.
அங்கே யாரோ கேமராவை மூடியிருக்கிறார்கள்.
அலைக்கற்றை போதவில்லை என்று எழுதிவிடலாம்.
ஆனால் பார்த்தேனே,
அன்று மாலை முழுதும் அது நன்றாக இருந்ததே
அந்த நேரத்தில்தான்.

6:49:50. குரலும் நிறுத்திவைப்பு.
துண்டிக்கவில்லை, நிறுத்திவைப்பு.
கதவைச் சாத்திவிட்டுத்
தாழ்ப்பாள் போடாமல் வெளியே நிற்பது மாதிரி.

வேலூர் எழுந்து போகவில்லை.
ராணிப்பேட்டையும் போகவில்லை.
குடியாத்தத்துக்கு மட்டும் மறுபடி மறுபடி இன்வைட்,
ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு.
இயந்திரம் தானாக இத்தனை முறை முயலாது,
அமைப்பை எழுதியதே நான்தான்.
யாரோ ஒருவர் பொத்தானை விடாமல் அழுத்தியிருக்கிறார்.
டாக்டரா, டாக்டரம்மாவா, தெரியாது.
ஏழாவதில் 200.
குடியாத்தம் எடுத்தது.

அதே நொடியில் மலை நிறுத்திவைப்பை நீக்கியது.
படம் திரும்பவில்லை.

ஐம்பத்திரண்டு நொடி கழித்து ராணிப்பேட்டையின் பை.
இரண்டு நிமிடத்தில் வேலூரின் பை.
மற்ற இருவரும் சொல்லவில்லை.
நாம் யார்தான் போகிறேன் என்கிறோம்,
வரேன் என்றுதானே எழுந்திருக்கிறோம்.
சேவையகத்துக்கு அது புரியாது.
கால் மணிக்கொரு தரம் கேட்டுப் பார்த்தது:
இருக்கிறாயா?
இருக்கிறேன், என்றது மலை.
இருக்கிறேன், என்றது குடியாத்தம்.
ஏழேகால், ஏழரை, எட்டு, எட்டரை.
ஒன்பது நாற்பதுக்கு மலை பதில் தரவில்லை.
408. நேரம் கடந்தது.
குடியாத்தம் இன்னும் ஒரு தரம் இருக்கிறேன் என்றது.

"சிக்னலிங்கில் பழுது இல்லை" என்று தட்டினேன்.
அழித்தேன்.
"பயனரே நிறுத்திவைத்தார்" என்றேன்.
அதுவும் உண்மைதான், அதனால் அதையே விட்டேன்.
புகார் மூடப்பட்டது, 2:51.

சரக்கு வண்டி கிளம்பிவிட்டது போலிருக்கிறது.
பதிவேட்டில் குடியாத்தத்து எண்ணின் முகப்பு இருக்கிறது,
கடைசி நான்கு இலக்கத்தை
விதிப்படி மறைத்திருக்கிறார்கள்.
நல்ல வேளை.