நாற்பத்தொரு நிமிடம், சால் தீவு

பன்னிரண்டு நாள் முன்பே வந்துவிட்டார்கள்.
பதினேழு பேர். ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை.
ஓடுபாதையைக் காலால் நடந்து அளந்தார்கள்,
வரைபடத்தில் இருந்த நீளத்தை நம்பாமல்.
வடிகால் மூடிகளை எண்ணி
ஒவ்வொன்றுக்கும் கம்பி கட்டி
ஈய முத்திரை வைத்தார்கள்.
என் ஏணிவண்டியில் மூன்று முறை ஏறி இறங்கினார்கள்.
இருபத்திரண்டு படி.
ஒன்பதாவது முனகும், என்றேன்.
ஒருவர் குறித்துக்கொண்டார்.
மறுநாள் அது முனகவில்லை.
எட்டு வருடமாக நான் எழுதிக் கேட்ட கிரீஸ்.

பெருங்கடலைத் தாண்டும் வழியில்
எரிபொருள் நிரப்ப ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் ஓர் அறுவை அறையைக்
காலியாக வைக்கச் சொன்னார்கள்.
இருப்பதே ஒன்று.
எர்மீனியா அம்மாளின் குடலிறக்கம்
அடுத்த வியாழனுக்குப் போனது.
தலைவரின் இரத்தம் அவருக்கு முன்பே வந்து இறங்கியது,
குளிர்பெட்டியில், நான்கு பை.
அதற்கென ஒரு காவலர்;
அதன் பக்கத்திலேயே பாய் போட்டுத் தூங்கினார்.

பல்மெய்ராவில் படகுகளுக்கு இரண்டு நாள் தடை.
என் தம்பி இவாந்த்ரு துறையில் உட்கார்ந்து
நல்ல காற்று வீணாகிறதென்று
காற்றையே திட்டிக்கொண்டிருந்தான்.

வந்தது ஒன்றல்ல, இரண்டு.
ஒரே வெள்ளை, ஒரே நீலக் கோடு.
ஒன்றில் அவர்.
மற்றது உப்புக்குச் சப்பாணி.
எது எதுவென்று
கோபுரத்தில் இருந்த ஜில்சனுக்கும் தெரியாது.
எங்கள் தீவின் பெயரே உப்புதான்;
அன்று இரவு தீவு முழுக்க
அந்த ஆட்டத்தில்தான் இருந்தோம்.

சுலேய்க்கா எரிபொருளைக் குடுவையில் பிடித்து
விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.
ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.
பாதியை மூடி, அரக்கு வைத்து,
அவள் கையெழுத்தோடு எடுத்துக்கொண்டார்கள்,
ஏதாவது ஆனால் யாரைத் தேடுவதென்று தெரிய வேண்டுமே.

எனக்குச் சொன்னது இது:
கதவுக்கு இரண்டு மீட்டர் முன்னால் நிறுத்து.
இணைக்காதே. அணைக்காதே.
பக்கத்து இருக்கையில் காதில் சுருள்கம்பியோடு ஒருவர்.
கூரையில் படுத்திருந்தவனின் சட்டை மட்டும்
காற்றில் படபடத்தது.
கியரின் மேல் என் கை வியர்த்தது.

முப்பதாவது நிமிடமோ என்னவோ,
மூன்றாம் சன்னலின் திரை ஒரு சாண் ஏறியது.
ஒரு கை.
கண்ணாடியைத் துடைத்தது, உள்ளிருந்து,
பேருந்தில் தூங்கி விழித்தவர்
எந்த ஊரென்று பார்ப்பதுபோல.
வெளியே விளக்குகளையெல்லாம் அணைத்திருந்தோம்.
திரை இறங்கிவிட்டது.

அவரா, என்று கேட்டேன்.
பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.
வெற்று விமானத்தில் உட்காரவும்
யாருக்கோ சம்பளம் இருக்கும்.
இரண்டும் போன பிறகு
ஏறாத, இறங்காத இருபத்திரண்டு படிகளை
இருட்டில் ஓட்டிக்கொண்டு திரும்பினேன்.

அக்டோபரில் மழை.
வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பெய்யும் மழை.
வடிகால் மூடிகளில் அவர்கள் முத்திரை அப்படியே.
உடைக்க யாருக்கு அதிகாரம்?
தலைநகருக்குக் கடிதம் எழுதிவிட்டு
கணுக்கால் நீரில் நின்றோம்.
லிஸ்பன் விமானம் மேலே வட்டமடித்தது.

நான்தான் தம்பியைக் கூப்பிட்டேன்.
மீன் அறுக்கும் கத்தியோடு வந்தான்.
அறுபத்து மூன்று மூடிகள்.
முத்திரைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னான்:
நல்ல ஈயம்,
வலைக்கு ஆகும்.