பச்சை எதுக்கு

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கும் நேரத்தில்தான்
மூட்டை வந்து இறங்கும்.
இடித்த ஹவுசிங்போர்டு வீடுகளின்
சுவரிலிருந்து உருவிய ஒயர்.
சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்.
சிலதில் சுவிட்சே தொங்கும்,
ஆன் பண்ணியபடி.

செம்பு பக்கிரியின் காயலான் கடைக்கு.
தோல் எனக்கு.
முன்பெல்லாம் தண்டவாளத்து ஓரம் கொளுத்துவான்.
புகை எழும்பிக்
கொடியில் காயும் பள்ளிச் சட்டையில் உட்காரும்,
தெருவே இருமும்.
"கொளுத்தாதே, உரிச்சுத் தர்றேன்.
கூலி வேணாம், தோலைக் குடு" என்றேன்.
என்னைப் பார்த்தபடியே தராசைத் துடைத்தான்.
உரித்த செம்புக்குக் கருகல் இல்லை,
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட.
அப்புறம் அவன் தீப்பெட்டி
பீடிக்கு மட்டும்தான்.

உரிக்கும்முன் ஒவ்வொரு முனையிலும்
டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன்.
எதிர்வீட்டு பிலோமினா சிரிப்பாள்:
"கோணியில இன்னாடி கரண்டு வரப்போவுது?"
வராதுதான்.
மீஞ்சூர் சைட்டில் மூன்றாம் மாடியிலும்
வராது என்றுதான் மேஸ்திரி சொன்னார்.

ஒன்பது வருஷம் ஹெல்பர்.
சுவரைக் கொத்தி, பைப் புதைத்து,
ஸ்பிரிங் விட்டு ஒயர் இழுத்த கை.
இடது கையில் இரண்டு விரல்
அன்றைக்கு மரத்ததுதான், இன்னும் திரும்பவில்லை.
பின்னும்போது அதுவும் ஒரு வசதி:
முனை குத்தினால் அவற்றுக்குத் தெரியாது.
கூடையில் ரத்தம் பார்த்துத்தான்
எனக்கே தெரியும்.

பிளேடால் நீளவாக்கில் கீறினால்
தோல் வாய் பிளக்கும்.
வெந்நீரில் போட்டு எடுத்தால்
சொன்ன பேச்சு கேட்கும்.
சிவப்பு, பேஸ்.
கருப்பு, நியூட்ரல்.
இரண்டையும் ஒட்ட உட்காரவைத்து
நான் பின்னியதில்லை.
நடுவில் ஒரு பச்சை ஓடும்,
அடியில் தொடங்கி விளிம்பு வரை.

தேர்தலுக்கு இருபது நாள் இருந்தது.
வெள்ளைக் கார் சந்துக்குள் நுழைய முடியாமல்
கரைவேட்டி நடந்தே வந்தார்.
இருநூறு கூடை.
நாலாயிரம் அட்வான்ஸ்.
"கருப்பு செவப்பு மட்டும்தாம்மா.
இந்தப் பச்சை எதுக்கு?
மேல இருக்கிறவரு பாத்தா தப்பா நெனப்பாரு."

அன்று ராத்திரி ஒன்று பின்னிப் பார்த்தேன்,
பச்சை இல்லாமல்.
சாண் உயரம் வந்திருக்கும்,
மரத்த இரண்டு விரலும்
ஜிவ்வென்றன.
நம்ப வேண்டாம்.
பக்கிரியும் நம்பவில்லை.
ட்யூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது,
மின்விசிறியும் அதே சத்தம்.
நான் மட்டும் எழுந்து போய்
ஈரத் தரையில் நிற்காமல்
ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து
அத்தனையும் அவிழ்த்தேன்.

அட்வான்ஸைத் திருப்பியபோது முந்நூறு குறைந்தது,
கேஸ் வாங்கியிருந்தேன்.
அவர் எண்ணக்கூட இல்லை.
இருநூறு கூடையைக் கோட்டைவிட்டவள் என்று
தண்ணி லாரி வரிசையில்
ஒரு வாரம் என் பேச்சுத்தான்.

கையில் இருந்த முப்பத்தொன்றைக் கோத்து
தோளில் மாட்டிக் காசிமேடு போனேன்,
விடியற்காலம் நாலு மணி.
ஏலக் கூச்சலுக்கு நடுவே
தேசம்மா என்கிற பெருத்த பொம்பளை
ஒன்றை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்,
மோந்து பார்த்தாள்,
மேலே உட்கார்ந்தும் பார்த்தாள்.
"எவ்ளோ?"
"நூத்தி இருபது."
"இந்தப் பச்சைக் கோடு எதுக்கு?"
"எர்த்து."
"அப்டின்னா?"
"ஏதாவது கோளாறு ஆனா
மண்ணுக்குப் போறதுக்கு ஒரு வழி."

யோசித்தாள்.
சங்கராவை அள்ளிப் போட்டு
மேலே ஐஸைக் கொட்டித்
தலைக்கு ஏற்றினாள்.
தண்ணீர் எல்லாப் பக்கமும்தான் ஒழுகியது.
எனக்கு மட்டும்
பச்சை வழியாக இறங்கி
அவள் பிடரியில் ஓடி
முதுகில் நனைந்து
தரைக்குச் சேர்ந்ததாகப் பட்டது.

"நல்ல வழிதான்" என்றாள்.
தொண்ணூறு கொடுத்தாள்.