பதினோரு ஜோடி

பதினாலு பேர். பூட்ஸ் பதினோரு ஜோடி.
அதனால் எங்கள் அணியில் ஆள் மாற்றுவது என்றால்
கால் மாற்றுவது.
வெளியே வருகிறவள் கோட்டோரம் உட்கார்ந்து கழற்ற வேண்டும்,
உள்ளே போகிறவள் அந்தச் சூட்டோடு மாட்ட வேண்டும்.
நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.
எதிரணிப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பார்கள்.

நான் கால்பந்து ஆடியவள் இல்லை.
கல்லூரியில் கோகோ.
ஆஃப்சைடு விதியை முதல் வருஷம் முழுக்கத்
தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன்;
ஹெச்.எம். கேட்டபோது அதே தப்பை
இன்னும் சத்தமாகச் சொன்னேன்.
எனக்கு வாய்த்தது தொண்டை.
தேவனாம்பட்டினம் மணலில் காலை ஐந்தே முக்காலுக்கு
"ஏறு, ஏறு, இறங்கு!" என்று கத்தினால்
கரை தொடுகிற போட்டிலிருந்து யாராவது
"எங்களையா டீச்சர்?" என்பார்கள்.

அந்தப் போட்டுகளின் பக்கத்திலிருந்துதான் வருவாள் அஞ்சலாட்சி.
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. இடதுகால்.
சில நாள் முழங்கையில் மீன்செதில் ஒட்டியிருக்கும்.
பந்தை விடமாட்டாள்.
வலப்பக்கம் வெண்மதி கைதூக்கி நிற்பாள்,
நான் கத்துவேன்,
இவள் இன்னும் ஒருத்தியைத் தாண்டப் பார்ப்பாள்.
பாதி நேரம் தாண்டியும் விடுவாள், அதுதான் சிக்கல்.

மஞ்சக்குப்பம் மைதானம். நெய்வேலிப் பள்ளியோடு ஆட்டம்.
அவர்கள் இரண்டு, நாங்கள் ஒன்று, ஒன்பது நிமிஷம் பாக்கி.
தாண்டப் பார்த்தாள். பறிகொடுத்தாள்.
"அஞ்சலாட்சி, வெளிய வா."
உத்தி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.
கோபம்தான்.

வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் முபீனா
பதினோரு மணித் தரையில் வெறுங்காலோடு
ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றாள்.
வலது பூட்ஸ் வந்துவிட்டது. இடது வரவில்லை.
வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டிருந்தாள்.
"இருங்க டீச்சர்" என்றாள்.
நான் இருக்கவில்லை. மண்டியிட்டு
கண்ணில் பட்ட நுனியைப் பிடித்து இழுத்தேன்.
நகம் பிய்ந்தது. இன்னும் இழுத்தேன்.
பின்னால் விசில்.
பத்துப் பேரோடு ஆட்டம் தொடங்கிவிட்டது.

அவள் நிற்க வேண்டிய இடம் காலி.
அந்தக் காலியின் வழியாக
ரிப்பன் கட்டிய அவர்களுடைய ஏழாம் எண்
அவசரமே இல்லாமல் வந்தாள்.
சந்தனமேரி வலப்பக்கம் பாய்ந்தாள்.
பந்து இடப்பக்கம் போனது.

முடிச்சு அவிழவில்லை. அப்படியே உருவினேன்,
குதிகால் தோலோடு.
முபீனாவுக்குச் சின்னப் பாதம்,
முடிச்சோடே நுழைத்துக்கொண்டு ஓடினாள்.

பீச் ரோட்டில் பேருந்து.
"ஜெயிச்சீங்களா?" என்றார் கண்டக்டர்.
பந்து மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த வெண்மதி
"சில்லறை இல்லண்ணே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
அஞ்சலாட்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
குதிகால் காயத்தில் இலவசப் பயணச்சீட்டை ஒட்டியிருந்தாள்.
மடியில் அந்த பூட்ஸ்.
"ரெண்டு நுனி இருக்கு பாருங்க டீச்சர்.
இத இழுத்தா விட்டுரும்.
இத இழுத்தா இறுகும்.
நீங்க இதப் புடிச்சிட்டீங்க."
குற்றம் சொல்கிற குரல் இல்லை.
விதி சொல்கிற குரல்,
நான் ஆஃப்சைடை ஒருநாளும் சொல்லியிராத தெளிவில்.
இறுகியதைப் பல்லால் கடித்து இளக்கினாள்.
பிறகு சரியான நுனி. ஒரே இழுப்பு.

மாவட்ட அறிக்கையில் தோல்விக்கான காரணம் என்று ஒரு கட்டம்.
அனுபவமின்மை என்று எழுதினேன்.
யாருடையது என்று எழுத அதில் இடமில்லை.

திங்கள் அவள் வரவில்லை. குதிகால்.
செவ்வாய் வந்தாள், பந்தை விடவில்லை.
வெண்மதி கைதூக்கி நின்றாள்.
வாய்வரைக்கும் வந்ததை
நான் பிடித்துக்கொண்டு நின்றேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.
கரையேறிய போட்டிலிருந்து ஒரு குரல்:
"என்ன டீச்சர், இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?"