பதினொன்றாவது குழி

காக்கி புக்கிட், நான்காம் மாடி.
சரிவுப்பாதையில் ஏறும் ஒவ்வொரு காரும்
என் மேசைக் கோப்பியைக் கொஞ்சம் நடுக்கிவிட்டுப் போகும்.
அளவெடுக்கும் வேலையை அதனால்
சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளிவைப்பேன்.

துணி விரித்து ஒரு சிலிண்டர் ஹெட்.
வால்வெல்லாம் கழற்றியாயிற்று.
இரண்டு வரிசை, பதினாறு குழி.
பல்லாங்குழிக்கு இரண்டு அதிகம்.

ஹைக்கல் வாங்கிவந்த ஸ்பிரிங் இரட்டைச் சுருள்,
பழைய இருக்கையில் உட்கார மறுக்கிறது.
சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் கேட்கிறது,
கீழே முக்கால்.
புதுக் கேமின் உயரம், ஒன்பதாயிரம் சுற்று,
எல்லாம் அந்த முக்காலை நம்பித்தான்.

காருக்கு வயது இருபத்தாறு.
சிஓஇ முடியப் பதினாலு மாதம்,
அதற்குமேல் நீட்டிக்க வழியில்லை.
நசுக்கப்போகிற வண்டிக்கு எதற்கு இதெல்லாம்
என்று நான் கேட்கவில்லை.
கேட்க அவன் அக்கா இருக்கிறாள்,
பக்கத்துக் கடை டயர்க்காரர் இருக்கிறார்.
அவன் பேருந்து ஓட்டுகிறவன்.
நாள் முழுக்க அவன் கண்ணெதிரே
ஐம்பதைத் தாண்டாத முள்.

கட்டரை இறக்கினேன்.
அலுமினியம் வெண்ணெய் மாதிரி என்பார்கள்.
வெண்ணெயைத் தடவி மூடிவிடலாம்,
இதை முடியாது.
பத்துக் குழிவரைக்கும் சுருள்சுருளாய்
காலடியில் பளபளப்பு.
பதினொன்றில் சத்தம் மாறியது.
கையை எடுத்துவிட்டேன். துடைத்தேன்.
வெள்ளித் தரையில் எள்ளளவு கறுப்பு.

அதற்குக் கீழே தண்ணீர் ஓடும் அறை.

வரைபடத்தில் அங்கே மூன்று மில்லிமீட்டர் சுவர்.
என்றைக்கோ ஒரு வார்ப்பாலையில்
மணற்கரு ஒருபக்கமாய் நகர்ந்திருக்கிறது,
இருபத்தாறு வருடமும் அந்த நகர்வு
சாலையில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

‘வார்ப்பில் குறை’ என்று அவனுக்கு எழுதினேன்.
அழித்தேன்.
‘ஓட்டை போட்டுவிட்டேன்’ என்று எழுதினேன்.
இரண்டும் உண்மை.
இரண்டாவதை அனுப்பினேன்.

இரவு பத்தரைக்குச் சீருடையோடு வந்தான்.
தொலைபேசி வெளிச்சத்தில்
வெகுநேரம் குனிந்தே இருந்தான்,
கிணற்றில் விழுந்த எதையோ தேடுகிறவன்போல.
“மீதி அஞ்சு?”
அதுவும் இப்படியே இருக்கலாம் என்றேன்.
சரிவில் ஒரு லாரி ஏறியது. கோப்பி நடுங்கியது.
“போத்தோங்” என்றான்.
வெட்டு.

மூடிப்போன ரொட்டிக்கடையில் ஏலத்துக்கு எடுத்த அடுப்பு
என்னிடம் உண்டு.
நூற்றைம்பது டிகிரியில் ஹெட்டை அதற்குள் வைத்தேன்.
கடை முழுக்க எண்ணெயும்
எங்கிருந்தோ கொஞ்சம் பன் வாசனையும்.
நீலச் சுடரை வைத்து
எள்ளை மூடினேன், சுற்றிலும் ஊட்டினேன்,
மறுநாள் திரும்ப வெட்டினேன்,
இந்தமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு.
மீதி ஐந்தும் சொன்னபடி கேட்டன.

வெந்நீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்தேன்.
ஒரு குமிழி வந்தது.
தொட்டி விளிம்பைப் பிடித்தபடி
அடுத்ததற்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
வாஷர் அடியில் ஒளிந்திருந்த காற்று, அவ்வளவுதான்.

கடைசியாக, பிஸ்டன் தலையில்
என் மகளின் பச்சைக் களிமண்ணை ஒட்டி
ஹெட்டைப் பூட்டி
கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றித் திறந்தேன்.
வால்வு வந்துபோன தடம் களிமண்ணில் பிறைபோல.
கத்தியால் அறுத்து, மெலிந்த இடத்தை அளந்தேன்:
இரண்டு மில்லிமீட்டர்.
நிமிடத்துக்கு நாலாயிரத்தைந்நூறு தடவை
நெருங்கிவந்து, தொடாமல் திரும்ப
அது போதும்.

களிமண்ணை இனி அவள் பெட்டியில் போடமுடியாது,
எண்ணெய் ஏறிவிட்டது.
பில்லில் எழுதினேன்:
பதினாறு இருக்கை வெட்டியதற்கு இவ்வளவு.
பச்சைக் களிமண், இரண்டு வெள்ளி.
வெல்டிங் என்ற வரிக்கு எதிரே
ஒரு கோடு.