சிவப்பு

ரியேகா துறைமுகத்துக்கு மேலே
ஏழாவது மாடியில் எங்கள் வீடு.
மற்ற வீடுகளில் விளக்குகள் எரிகின்றன.
இங்கே அவை பேசுகின்றன.

வாசல் மணிக்கு நீலம்.
சலவை இயந்திரம் ஓய்ந்தால் மஞ்சள், மூன்று முறை.
அடுப்பில் ஏதாவது தீய்ந்தால் வெள்ளை.
அதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும்,
ஆனாலும் வெத்ரானுக்குத் தன் வெள்ளையில் ஒரு பெருமை.

கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை அவனுக்கு.
நாளெல்லாம் பொறி பார்த்த கண்ணோடு வந்து
சாப்பாட்டு மேசையிலும் ஈயம் உருக்குவான்.
சூப் கிண்ணத்தை நகர்த்திவிட்டு
கம்பிகள், சில்லுகள், சட்டைப் பொத்தானளவு ஒரு மைக்.
பிறவியிலிருந்தே கேளாத இருவர்
முதன்முதலாக வாங்கிய காது.
பதினோரு யூரோ. கூரியரில் வந்தது.

டோன்கா பிறந்த மறுநாள்
அவள் காதில் ஒரு கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு
கட்டைவிரலை உயர்த்தினாள் செவிலி:
கேட்கிறது.
வெத்ரான் என்னைப் பார்த்தான்.
வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா
என்று தெரியாமல்
அவன் கைகள் அந்தரத்தில் நின்றன.

அவள் அழுதால் சிவப்பு.
சமையலறையில், கூடத்தில், குளியலறைக் கண்ணாடிக்கு மேல்.
என் தலையணைக்கடியில் ஓர் அதிர்வும்.

பிறகு பூரா வந்தது.
மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் காற்று.
ஜன்னல் சட்டத்தைப் பிடித்து அது உலுக்க,
மைக் அதைக் குழந்தையென்று நம்பியது.
ஒன்றரைக்குச் சிவப்பு. இரண்டுக்குச் சிவப்பு.
இரண்டேகாலுக்கு.
ஒவ்வொரு முறையும் ஓடினேன்.
வாய் பிளந்து, ஒரு கால் தொட்டிலுக்கு வெளியே,
தூங்கிக்கொண்டிருந்தாள்.
வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று
அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன்.
மூச்சு ஏறிவந்து கையைத் தொட்டுவிட்டு இறங்கியது.
காற்றைத் திட்டத் தோன்றவில்லை.

எதிர்வீட்டு ஓந்தினா மறுநாள் எழுதிக் காட்டினாள்:
இரவு முழுக்க உங்கள் கதவிடுக்கு சிவப்பாய்த் துடித்தது,
தீயணைப்பைக் கூப்பிட இருந்தேன்.
அதற்குக் கீழே எழுதினேன்:
காற்று அழுதது.
சிரித்தாள். தோள் குலுங்கச் சிரிப்பவர்களை
எனக்குப் பிடிக்கும், பார்க்க முடிகிறதே.

மூன்று வாரம் உட்கார்ந்து
மைக்குக்குப் பாடம் எடுத்தான் வெத்ரான்.
இது காற்று, இது மகள்.
திரையில் காற்று மேய்ந்த புல் மாதிரி கிடந்தது.
அழுகைக்கு ரம்பப் பற்கள்.
ஒருநாளும் கேட்டிராதவன்
ஒரு காதைத் திருத்தினான்.

சிரிப்பிடம்தான் தோற்றான்.
அவள் சிரித்தாலும் சிவப்பு வந்தது.
நுரைக்கையோடு ஓடிப்போய் நிற்பேன்,
தன் கால்கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு
அதனிடம் ஏதோ சிரித்துக்கொண்டிருப்பாள்.

பதினாலாம் மாதம். ஒரு காலை.
கையை மூடினாள், விரித்தாள்.
மூடினாள், விரித்தாள்.
விளக்கா? விளக்கைக் காட்டினேன். இல்லை.
பாலா? இல்லை.
பந்து, பூனை, வெளியே?
கோபம் வந்துவிட்டது அவளுக்கு.
என் முகத்துக்கு நேரே மூடி, விரித்தாள்.

கதவோரம் நின்ற வெத்ரானுக்குத்தான் முதலில் புரிந்தது.
அணைந்து எரியும் சிவப்பு.
அது வந்தால் யார் வருவாரோ, அவர்.

அம்மாவுக்கு எங்கள் மொழியில் வேறு சைகை இருக்கிறது.
நூறு தடவை காட்டியிருக்கிறோம்.

சிரிப்புக்கு ஊதா வைக்கலாம் என்கிறான் இப்போது,
புது மென்பொருள் பிரித்துவிடுமாம்.
யோசிக்கலாம் என்றேன்.
நேற்றும் கேட்டான். யோசிக்கலாம் என்றேன்.

மஞ்சள். மூன்று முறை.
துணி காயப்போட வேண்டும்.
பூரா மறுபடி கிளம்பியிருக்கிறது,
கிளிப் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.